நின்றபடியே தலைகீழாக

போன மாதம் கௌசல்யா போன் செய்தாள். திண்டிவனத்தைத் தாண்டி ஹைவே ஓரமாக இருக்கிற பொழுதுபோக்குப் பூங்காவில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண் அவள். அங்கே நின்றுகொண்டே போகிற ரோலர் கோஸ்டர் ஒன்று உண்டு. அதன் பெட்டிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து போகிற பெட்டிகளை மாட்டப்போகிறார்களாம். நின்றுகொண்டு போவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, பெண்களுக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது என்று ஆபீஸ் கூட்டத்தில் பேசிக்கொண்டார்களாம்.

“நீங்க இன்னாக்கா சொல்றீங்க?” என்று கேட்டாள்.

வண்டி அவர்களுடையது, எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் காரணம் பொய். ரிட்டயர் ஆனவள் பேச்சைக் கூட்டத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தனலட்சுமி. பூங்காவில் தனம். அங்கே சேர்வதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தேன். வருகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், நாங்கள் நின்றுகொண்டு பிரித்துப் போடுவோம். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை நிற்கவேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட மாடியிலிருந்து சூப்பர்வைசர் குரல் வரும். பூங்காவுக்குப் பெண் ஊழியர்கள் தேவை என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் பார்த்தபோது, அங்கே போனாலும் நிற்கத்தான் வேண்டியிருக்கும், ஆனால் வெளிக்காற்றில் நிற்கலாம் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம் அவருடைய அண்ணன், குடும்பப் பொம்பளைக்கு ராட்டினத்தில் என்ன வேலை என்று கேட்டார். இவர், அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மறுநாள் என்னை பஸ் ஏற்றிவிட்டதும் இவர்தான்.

பார்க்காதவர்களுக்காக அந்த வண்டியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசைக்கு நான்கு பேர். இருக்கை என்று பார்த்தால் சைக்கிள் சீட்டு மாதிரி சின்னதாக ஒன்று, இரண்டு காலுக்கும் நடுவில் வரும். அதுவும் தோளுக்கு மேல் இறங்குகிற கம்பியும் ஒரே தூணில் இருக்கும். ஆளின் உயரத்துக்குத் தகுந்தபடி தூண் ஏறி இறங்கும். எல்லாரும் நின்றதும் ஆபரேட்டர் பட்டனை அழுத்துவார். தூண் அந்த உயரத்திலேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் செயின் வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போகும். உச்சியில் விட்டுவிடும். ஒரு பெரிய வளையம், ஒரு திருகல், இரண்டு மேடு. நின்றபடியே தலைகீழாகப் போய் வருவீர்கள்.

எங்கள் சூப்பர்வைசர் ஷாகுல் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாடுகளில் இதே மாதிரி ரைடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மற்ற ரைடுகளில் சூப்பர்வைசர்கள் மைக்கில் கத்துவார்கள். பாய் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் முதலில் வண்டியை ஆளில்லாமல் ஒரு சுற்று விடுவார். அப்போது பிளாட்பாரத்தில் இருக்கமாட்டார். வளையத்துக்குக் கீழே புல்லில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். சத்தம் சரியாக இருந்தால் திரும்பி வந்து, சட்டைப் பையில் இருக்கிற பேனா, சீப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, தானே ஏறி ஒரு சுற்று போவார். அதற்கப்புறம்தான் கேட் திறக்கும். ஆள் ஏறியதும் ஒவ்வொரு கம்பியையும் ஒரு தரம் மேலே இழுப்பார், ஒரு தரம் கீழே அழுத்துவார். யாருடைய உடம்பின் மேலும் அவர் விரல் படாது. பெண்கள் வரிசையாக இருந்தால் நான் இழுக்கவேண்டும், அவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பயிற்சியில் எனக்கு மறக்கவே மறக்காதது முதல் சவாரிதான். அது நரகம். சீட்டு கீழிருந்து ஏறி வந்தபோது கூச்சத்தில் குதிகாலைத் தூக்கி, கட்டை விரலில் நின்றுவிட்டேன். தூண் அப்படியே பூட்டிக்கொண்டது. அப்புறம் சுற்று முழுக்க என் மொத்த கனமும் அந்தச் சின்ன சீட்டின் மேல். வளையத்தில் உயிர் போய் வந்தது. தலை இரண்டு பக்கமும் கம்பியில் இடித்து காது எரிந்தது. இறங்கி நடக்க முடியவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று ஊழியர் ரூமுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

பாய்க்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. ஒரு பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவருக்கும் சங்கடம். காலியாக நின்ற வண்டியில் ஏறி நின்று, “தனம்மா, என் முட்டியை மட்டும் பாருங்க” என்றார். சீட்டு ஏறி வரும்போது குதிகாலைத் தரையில் வைத்து, முட்டியை ஒரு துளி மடக்கினார். உட்கார்கிற மாதிரி இல்லை. பஸ் பிரேக் போடும்போது தானாக மடங்குமே, அவ்வளவுதான். தூண் பூட்டிக்கொண்டது. பிறகு நிமிர்ந்து நின்றார். சீட்டுக்கும் அவருக்கும் நடுவில் விரல் கனம் இடைவெளி.

“சீட்டு உக்கார்றதுக்கு இல்ல. நாம நழுவாம இருக்கறதுக்கு. நிக்க வேண்டியது காலு” என்றார். ரொம்பவும் மடக்கினால் தோள் கம்பி தளர்ந்துவிடும், அது ஆபத்து, அதைத் தடுக்கத்தான் நாம் இழுத்துப் பார்ப்பது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே இன்னொரு தரம் ஏறினேன். பிடிவாதம்தான். குதிகாலைப் பதித்து, பாதங்களைக் கொஞ்சம் அகட்டி, பூட்டியதும் நிமிர்ந்தேன். தலையைப் பின்னால் இருக்கிற மெத்தையோடு ஒட்டவைத்து, வாயை மூடி, பக்கத்தில் பார்க்காமல் தண்டவாளம் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன். வளையத்தில் முட்டியை விறைப்பாக வைக்காமல் தளர்த்திவிட்டேன். தலைகீழாகப் போகும்போது விழுகிற மாதிரியே இல்லை. பெட்டியின் தரைதான் என் காலை வந்து அழுத்தியது. என் காலுக்கு மேலே வானம் இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு, தலைக்குக் கீழே யாருடைய மல்லாட்டைக் கொல்லையோ, கடலைச் செடிகள் பச்சையாகத் தெரிந்தன. ஜவுளிக்கடையில் இத்தனை வருஷம் நின்ற காலா இது என்று எனக்கே ஆச்சரியம். இறங்கும்போது வலி என்று ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து பிளாட்பாரத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் இதைச் சொன்னேன். குதிகால் கீழே, முட்டி ஒரு துளி, தலை பின்னால், பல் மேல பல்லு. எங்கள் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. க்யூ நீளுகிறது, ஸ்பீக்கரில் பதிவுசெய்து போட்டுவிடலாம் என்றார். ஸ்பீக்கர் காலைப் பார்க்காது சார் என்றேன். நான் சொல்வதை நிறுத்தவில்லை.

இதில் ஏற முடியாதவர்கள் புடவை கட்டியவர்கள். நடுவில் சீட்டு வருவதால் புடவையோடு கால் அகட்ட முடியாது. வேட்டி, லுங்கிக்கும் இதே கதைதான், ஆனால் ஆண்கள் யாரோடாவது பேன்ட்டை மாற்றிக்கொண்டு எப்படியோ ஏறிவிடுவார்கள். பெண்கள் பேசாமல் ஓரமாகப் போய், மற்றவர்களின் பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற கூட்டம் வந்தால் எங்கள் ரைடுக்கு எதிரே இருக்கிற பெஞ்சுகள் முழுக்கப் புடவைகள்தான். மேலே போகிறவர்களைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரும்.

ஸ்டோரில் பழைய யூனிஃபார்ம் பேன்ட்டுகள் மூட்டையாகக் கிடந்தன. அவற்றைத் துவைத்து, இடுப்பில் நாடா கோத்து, பிளாட்பாரம் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் மாட்டி வைத்தேன். உள்ளே பேன்ட் போட்டுக்கொண்டு, புடவையைச் சுருட்டி இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து முடிந்துவிட்டால் தொங்குவதற்கு ஒன்றும் இருக்காது. பாய் என்னையே அப்படிக் கட்டச் சொல்லி மூன்று சுற்று அனுப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மேனேஜர் முகம் சுளித்தார். குடும்பங்கள் வருகிற இடம், பார்க்க நன்றாக இருக்காது என்றார்.

“பாக்கறவங்களுக்காக இல்ல சார் இது. ஏர்றவங்களுக்காக” என்றார் பாய்.

காணைப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து மகளிர் குழு வேனில் வந்தது கோடை விடுமுறையில் ஒருநாள். கரும்பு வெட்டுகிற பெண்கள். தலைவி மங்கா, ஐம்பது வயதிருக்கும், கட்டையான குரல். அறையில் பேன்ட்டைக் கொடுத்ததும் மற்றவர்கள் சிரித்து நெளிந்தார்கள். மங்கா மட்டும், “கரும்பு வெட்டறப்ப ஆம்பள சட்டை போட்டுக்கினுதான போறோம். இது கீழ் சட்டைன்னு நெனச்சிக்கினு மாட்டுங்கடி” என்றாள். அதோடு சிரிப்பு நின்றது.

வண்டி நிறைய அவர்கள்தான். ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன், ஒவ்வொரு கம்பியையும் இழுத்தேன். பாய் கன்ட்ரோல் ரூமில் இருந்தார். பட்டனை அழுத்தினார். செயின் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனதும் டக்கென்று நின்றது.

வண்டி பின்னால் வராது, நழுவாமல் பிடித்துக்கொள்ள அடியில் இரும்புப் பல் இருக்கிறது. ஆனால் அவர்கள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி, கம்பிக்குள் பூட்டப்பட்டு, உச்சி வெயிலில் நிற்கிறார்கள். உட்கார்ந்து போகிற வண்டி என்றால் காத்திருக்கலாம். அசையாமல் நிற்கிறவர்களுக்கு ரத்தம் காலிலேயே தங்கிவிடும், மயக்கம் வரும். பாய் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த ஆபத்து அதுதான். தண்டவாளத்தை ஒட்டி இரும்புப் படிகள் உண்டு. வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ஏறிக்கொண்டிருக்கும்போதே வாக்கி-டாக்கியில் மேனேஜர் குரல் கேட்டது. கன்ட்ரோல் ரூமுக்கு ஓடி வந்திருந்தார். எங்கேயோ புடவை மாட்டியிருக்கும், தனத்தை எடுத்துவிடச் சொல்லுங்க, திரும்ப ஸ்டார்ட் பண்ணி அனுப்புங்க, கீழே ஆளுங்க போனில் படம் பிடிக்கிறாங்க என்றார். நான் வண்டி முழுக்கப் பார்த்தேன். ஒரு புடவை நுனி எங்கேயும் மாட்டவில்லை. அதைச் சொன்னேன்.

அப்போது பாய் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. “நின்ன காரணம் தெரியாம நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன் சார். சாவிய எடுத்துட்டேன். என் பாக்கெட்ல இருக்குது. வேணும்னா என்னைத் தள்ளிட்டு எடுத்துக்கோங்க.” அதே தாழ்ந்த குரல். சாவியை எடுத்துவிட்டால் செயினுக்குக் கரண்ட் கிடையாது. இனி யாரும் தெரியாமல்கூட வண்டியை நகர்த்த முடியாது. அதற்கப்புறம்தான் கம்பியைத் திறக்கலாம் என்பது விதி.

மேலே பெண்கள் அழவில்லை. பேச்சுதான் நின்றுபோயிருந்தது. ஒரு குதிகாலைத் தூக்குங்க, இறக்குங்க, அடுத்த கால், நடக்கற மாதிரி நின்ன இடத்துலயே பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டே படியில் முன்னும் பின்னும் போனேன். மங்கா அதைப் பிடித்துக்கொண்டாள். நாத்து நடும்போது போடுகிற குரலில், “தூக்கு, எறக்கு” என்று ஆரம்பித்தாள். வண்டி முழுக்க அந்தத் தாளத்தில் கால் அசைந்தது.

நடு வரிசையில் மங்காவுக்குப் பக்கத்தில் அவள் மருமகள் செல்வி. அவள் கால் அசையவில்லை. உதடு வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்வை. கண் மேலே செருகியது.

கம்பியைப் பின் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும் என்பது எங்கள் பூங்காவின் முறை. பின்னால் இருந்து இந்த வரிசைக்கு வருவதற்குள் இந்தப் பெண் தொங்கிவிடுவாள். வாக்கி-டாக்கியில், நடுவில் ஒரு பெண்ணுக்கு மயக்கம், அங்கிருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். மேனேஜர் குறுக்கே வந்து, யாரையும் திறக்காதே, சென்னையிலிருந்து இன்ஜினியர் வரட்டும் என்றார். உத்தரவு என்றும் சொன்னார்.

“பாய், நீங்க சொல்லுங்க” என்றேன்.

“அங்க யாரு நிக்கறது? நீங்கதான. அப்ப நீங்க பாக்கறதுதான் சரி. தெறங்க” என்றார் பாய்.

மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வாக்கி-டாக்கியின் சத்தத்தைக் குறைத்து இடுப்பில் செருகினேன். தூணுக்குப் பின்னால் கையால் திறக்கிற நெம்புகோல் இருக்கிறது. முதலில் மங்காவுடையதைத் திறந்தேன், மருமகளைத் தாங்க ஒரு ஆள் வேண்டுமே. மங்கா படியில் கால் ஊன்றி, பெண்ணின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். அடுத்து செல்வியின் கம்பியைத் திறந்தேன். கனம் மொத்தமும் எங்கள் இரண்டு பேர் மேல் வந்தது. படியிலேயே சாய்த்து உட்காரவைத்து, தலையை முட்டிக்கு நடுவில் கவிழ்த்துப் பிடித்தோம். ‘இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?’ என்ற எண்ணம் ஒரு தரம் வந்தது. பிறகு அவள் மூச்சை இழுத்து, “அத்த, தண்ணி” என்றாள்.

பாய் பையன்களைத் தண்ணீர்க் கேனோடு மேலே அனுப்பினார். ஒவ்வொரு வரிசையாகத் திறந்து, கம்பியைப் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பிப் படி இறங்கவைத்தோம். இடுப்பில் செருகிய புடவையும் பேன்ட்டுமாக யாரும் தடுக்கி விழவில்லை, யாரும் வழுக்கவில்லை. மங்கா கடைசி ஆள் இறங்கும் வரை இறங்கமாட்டேன் என்று மேலேயே நின்றாள். கீழே கூட்டம் கை தட்டியது. மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சென்னை ஆட்கள் வந்து பார்த்தார்கள். உச்சியில் இருக்கிற பிரேக்குக்குப் போகும் சென்சார் வயரை எலி கடித்திருந்தது. முன்னால் பாதை காலியாக இருக்கிறதா என்று வண்டிக்குத் தெரியவில்லை, அதனால் நின்றிருக்கிறது. நிற்கத்தான் வேண்டும். ஆனால் எலி என்று சொன்னால் பராமரிப்பு என்ன செய்தது என்று கேள்வி வரும். புடவை என்று சொன்னால் வராது. முதலாளி விசாரிக்க வருகிறார், நீயே உன் வாயால், புடவை கட்டியவர்களை ஏற்றியதுதான் தப்பு என்று சொல்லிவிடு, வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பேன்ட் மாட்டி வைத்த அறையையும் பூட்டிவிடச் சொன்னார்.

ஜவுளிக்கடையிலாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அன்று எனக்கு ஆட்டத் தோன்றவில்லை. “புடவ மேல பழி போடணும்னா, கட்டினவங்கள வெச்சிக்கினு போடுங்க சார்” என்றேன். வெளியே வந்து மங்காவுக்கு போன் செய்தேன்.

முதலாளி வந்த அன்று வேன் மறுபடியும் வந்தது. செல்வியும் வந்திருந்தாள். ஆபீஸ் அறையில் நாற்காலி பத்தாமல் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். முதலாளி வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். பாய் வயரைப் பற்றிச் சொன்னார். நான் திறந்ததைப் பற்றிச் சொன்னேன், மேனேஜர் திறக்காதே என்றதையும் சொன்னேன். மறுபடியும் அப்படி ஆனால் மறுபடியும் திறப்பேன் என்றும் சொன்னேன். மேனேஜர், எப்படியிருந்தாலும் இந்த ரைடு இவங்களுக்கு ஏற்றதில்லை, நின்றுகொண்டு போவது பெண்கள் உடம்புக்குச் சரிவராது, அன்று பட்ட பாடே சாட்சி என்றார்.

முதலாளி மங்காவைப் பார்த்து, ரொம்பக் கஷ்டமாகிவிட்டதா அம்மா, உங்களுக்கு நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். நஷ்ட ஈடு கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

“நிக்கறது எங்களுக்கு ஒரு பேஜாரும் இல்லீங்க. பொழுதன்னிக்கும் நின்னுக்கினுதான் இருக்கறோம்” என்றாள் மங்கா. “பாதி வரைக்கும்தான் காட்டுனீங்க. மீதிய எப்ப காட்டுவீங்க?”

முதலாளி பாயைப் பார்த்து, வயர் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். மாற்றி, காலையில் நானே போய் வந்துவிட்டேன் என்றார் பாய்.

அன்று செல்வி முன் வரிசையில் நிற்பேன் என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். செயின் உச்சி வரைக்கும் இழுத்துப்போய் விட்டது. வளையத்தில் பின்னால் மங்காவின் கட்டைக் குரல் ஒரு தரம் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, மற்றவர்கள் சிரித்ததால் காதில் விழவில்லை. பிளாட்பாரத்துக்கு வந்து கம்பி திறந்ததும் யார் காலும் நடுங்கவில்லை. வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். இல்லை என்றார்கள்.

வெளியே போகிற வழியில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். மங்கா பேன்ட்டைக் கழற்றி மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“இதுல நாடா சரியில்லீங்க, நழுவுது. நல்ல நாடாவா பாத்துப் போட்டு வைங்க. ஆடி முடிஞ்சதும் ரெண்டு வேனா வர்றோம்” என்றாள்.

அவர் பேன்ட்டை என்னிடம் நீட்டினார். மறுநாள் வேலைக்கு வரும் வழியில் திண்டிவனம் கடைத்தெருவில் இறங்கி, கெட்டி நாடாவாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன்.